சிரிப்பூட்டும் சித்திரத் தொடர்

நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்பது தொல்காப்பியர் கருத்து. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. சித்திரத்தால் பிறரைச் சிரிக்கவைக்க விரும்பும் மாணவர், எழுதுகோலை எடுக்குமுன் இந்நான்கனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

“எனக்குப் படம் வரைய வாராதே!” என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஜெனீவா நகரில் ரொடோல்ஃப் டோப்ஃபர் (1799-1846) என்னும் பள்ளியாசிரியர் வாழ்ந்தார். கண்நோயால் ஓவியராகும் எண்ணத்தைக் கைவிட்ட அவர், கட்டங் கட்டமாகப் படம் வரைந்து, அவற்றின் கீழே பிரெஞ்சு மொழியில் கதை எழுதினார். சித்திரத் தொடர்க்கதைக்கு அவரை முன்னோடி எனக் கூறுவர். 1845-இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டும் வழி மிக எளியது. எவ்வளவு கோணலாக வரைந்தாலும் ஒரு முகத்தில் ஏதேனும் ஓர் உணர்ச்சி தோன்றியே தீரும். அதே முகத்தைப் பலமுறை வரைந்து, ஒருமுறை புருவத்தையும் ஒருமுறை வாயையும் சிறிது மாற்றினால், அஞ்சியவன் செருக்குடையவன் ஆகிவிடுவான்! இன்று மாலையே நீங்கள் இதனைச் செய்து பார்க்கலாம்.

முகம் அமைந்தபின் நிகழ்ச்சி வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே, சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நோணாங்குப்பத்துப் படகுத்துறையைக் களமாகக் கொள்வோம். முதற் கட்டத்தில் படகோட்டி விரலை உயர்த்தி, “ஐயா, எழுந்து நிற்கக்கூடாது” என்கிறார். இரண்டாவதில், நடு ஆற்றில் நம் கதைத்தலைவர் கைகட்டி அமர்ந்திருக்கிறார். மூன்றாவதில், மணற்கரையில் யாவரும் இறங்கி ஓடுகின்றனர். நான்காவதில், கதிரவன் மறைய, எல்லாரும் படகிற்குத் திரும்புகின்றனர். அவரோ கைகட்டியபடி அங்கேயே அமர்ந்திருக்கிறார்! பிறர் சொன்னதை ஆராயாது பற்றிக்கொள்ளும் இதுவே மடன். மூன்றாங் கட்டத்தில் அவரைக் காட்டிவிட்டால் நகை கெடும். ஆங்கே அவரை மறைத்தலே இத்தொடரின் உயிர். முதற் கட்டத்தைத் தவிர வேறெங்கும் சொல் தேவைப்படவில்லை என்பதையும் காண்க. ஆனந்த விகடனில் புகழ்பெற்ற ஓவியர் கோபுலு (1924-2015) சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் வரைந்தவர்.

நான்கனுள் எள்ளலே கையாளுதற்கு அரியது. உடன்பயில்வோன் ஒருவனுடைய நொண்டும் காலையோ கரிய நிறத்தையோ வரைந்தால் வகுப்பு சிரிக்கக்கூடும், அவன் சிரிப்பானா? வலியாரை எள்ளுதற்கோ துணிவு வேண்டும். பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ் ஆங்கில ஆட்சியைக் கேலிச்சித்திரங்களால் எள்ளியது. அடக்குமுறைக்கு அஞ்சிச் சென்னையில் நடத்த இயலாமையால், 1908-இல் அது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கும் படங்கள் நின்றுவிடவில்லை. அவ்விதழ் தம் எல்லைக்குள் வாராதவாறு ஆங்கில அரசினர் தடுக்கவே, 1910-இல் அது நின்றுபோயிற்று.