பழைய வெள்ளி ரூபாய்: தராசில் வைக்குமுன் முத்திரையைப் பாருங்கள்

சோமனூர் வட்டாரத்தில் தறி ஓடாத மாதங்களில் பாட்டி காலத்து ராணிக்காசு கடைக்கு வருவதுண்டு. மளிகைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாமும் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டு எடைக்கு எடுத்துக்கொள்கிறோம். பாதி வெள்ளியை முழு வெள்ளி என்று வாங்கினால் நமக்கு நஷ்டம். அரிய காசை எடைக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம் என்பதால் அந்நாளில் ரூபாயையே எடைக்கல்லாகப் போட்டவர்கள் உண்டு. அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி 10.69 கிராம் தேறும். ஆனால் 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். எடை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் தராசு காட்டிக்கொடுக்காது. ஆண்டைப் பாருங்கள், விளிம்பையும் பாருங்கள். பாதி வெள்ளிக் காசின் விளிம்பில் பல்வெட்டுக்கு நடுவே பள்ளம் ஒன்று சுற்றி ஓடும். 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தம் இழுக்கும்.

அடுத்தது நாணயச்சாலை முத்திரை. கல்கத்தாவில் அடித்தவற்றில் பெரும்பாலும் முத்திரை இராது. பம்பாய் என்றால் ஒரு புள்ளி, அல்லது ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. ஐந்தாம் ஜார்ஜ் காசில் பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே அந்தப் புள்ளியைக் காணலாம். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. லாகூர்க் காசில் ‘எல்’ எழுத்து இருக்கும். சென்னை நாணயச்சாலை 1869-லேயே மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம்.

அமெரிக்க வெள்ளி டாலரிலும் இதே வழக்கம். பிலடெல்பியாவில் அடித்த மார்கன் டாலரில் எழுத்து இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’, கார்சன் சிட்டிக்கு ‘சிசி’. கார்சன் சிட்டிக் காசுக்குத்தான் கிராக்கி. முதல் உலகப் போரில் இங்கே வெள்ளி தட்டுப்பட்டபோது, 1918-ல் அமெரிக்கா சட்டம் செய்து சுமார் 27 கோடி டாலர் காசுகளை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்திய ரூபாய்க்காக வந்தது. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜார்ஜ் ரூபாயில் அமெரிக்க டாலர் கலந்திருந்தாலும் இருக்கும்!

பழசு என்பதாலேயே விலை கூடாது. 1862 ஆண்டையே வைத்துப் பல வருஷம் அடித்தார்கள். அதனால் 1862 ரூபாய் மலிவாகவே கிடைக்கும். 1911 ரூபாய்க்கு மதிப்பு அதிகம். ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் உருவை மாற்றினார்கள். 1939 ரூபாய் மிக அரிது. அதனால் போலியும் உண்டு. தெரிந்தவரிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

புளி போட்டுத் தேய்த்த காசையும், மாலைக்காக வளையம் பற்றவைத்த காசையும் சேகரிப்போர் சீந்துவதில்லை. அவை எடைக்குத்தான். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று செல்போனில் வரும் விளம்பரத்தை நம்பவே வேண்டாம்; ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பாக்கிக்குக் காசு வாங்கினால் நோட்டில் எடையை மட்டும் எழுதாமல் ஆண்டு, முத்திரை, விளிம்பு மூன்றையும் கொடுத்தவர் எதிரிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.