வாய் நாறினால் வயிற்றைக் குறைசொல்லாதீர்கள்

"வயித்துல புண்ணு, மோர் குடி." வாய் நாறினால் திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயம் முதல் நாகர்கோவில் வரை கிடைக்கும் வைத்தியம் இதுதான். உண்மையில், பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நாற்றம் பிறப்பது வாய்க்குள்ளேயே. நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளை மாவிலும் பல்லிடுக்கிலும் வாழும் பாக்டீரியாக்கள் உணவுத் துணுக்கைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் கிளம்புகின்றன. உணவுக்குழாய் பெரும்பாலான நேரம் மூடியே இருப்பதால் வயிற்றுக் காற்று ஓயாமல் மேலே வருவதில்லை. தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் விடிகாலையில் எல்லார் வாயும் நாறும், அது நோயல்ல.

"வெத்தலை போட்டா நாத்தம் போயிரும்" என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் நம்பிக்கை. கொழுந்து கிள்ளும் நாளெல்லாம் பசியையும் குளிரையும் வெற்றிலையால் தாண்டிய தலைமுறையை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் வெற்றிலை மணக்கும் நேரத்திலேயே சுண்ணாம்பும் பாக்கும் பல்லில் காறையாகப் படிகின்றன, ஈறு கெடுகிறது, நாற்றம் கூடுகிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003இல் அறிவித்தது.

இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயது கடந்தவர்களின் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முன்கூட்டியே பார்த்ததால் பல உயிர்கள் பிழைத்தன.

"பல்லை கிளீன் பண்ணினா ஆட ஆரம்பிச்சிரும்" என்பதும் தவறு. ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காறை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. கரியும் செங்கல் பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பிரஷ் போதும், நாக்கையும் வழிக்க வேண்டும். செட் பல்லை இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும்.

இப்படி இரண்டு வாரம் செய்தும் நாற்றம் போகாவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். ஈறில் ரத்தம், ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. குழந்தைக்கு மூக்கின் ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றச்சளி வடிந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கலாம். தேயிலைத் தோட்டம் முடங்கிய போனக்காட்டிலிருந்து விதுரா ஆஸ்பத்திரிக்கு மலையிறங்குவது ஒரு நாள் கூலியைத் தின்னும் என்பது தெரியும், ஆனாலும் போய்விடுங்கள். அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமானால் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடை அடித்து, வாந்தி எடுத்து, மேல்மூச்சும் வாங்கினால் அது பல் சமாச்சாரமே அல்ல, உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் ஜீப் பிடித்து இறங்கிவிட வேண்டும்.