ஏலத்துக்கும் சொந்தக்காரர்கள் உண்டு

விடியும் முன்பே கம்பத்திலிருந்து ஜீப் புறப்படும். மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும். கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளா. பிறகு எங்கும் ஏலத்தோட்டம். காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு இது தினப்பாடு.

அன்று சில தூர்களைப் பிடுங்கச் சொன்னார்கள்.

"ஏன் அத்தை? செடி நல்லாத்தானே இருக்கு?"

"இலையைப் பாரு. வெளுத்த கோடு விழுந்திருக்கு. கட்டே நோய். இதுக்கு மருந்து கிடையாது."

அத்தை சொன்னது சரி. இது வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி இதைச் செடிக்குச் செடி பரப்புகிறது. நோய்ச் செடியின் பக்கக்கன்றை நட்டால், நோயும் கூடவே வரும். விதை வழியாக வராது.

விதைக்கும் கன்றுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. விதையில் முளைத்த ஏலமும் அப்படித்தான். தேனீக்கள் பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்துவிடுகின்றன. பக்கக்கன்றோ தாயின் அச்சு. தாய்க்கு உள்ள பலமும் பலவீனமும் அதற்கும் உண்டு.

ஏலத்தில் மூன்று வகை. சரத்தைப் பார்த்தாலே தெரியும். மலபார் வகையின் சரம் தரையில் படரும். மைசூர் வகையின் சரம் நிமிர்ந்து நிற்கும். வழுக்கை இரண்டுக்கும் நடுவில். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி, வழுக்கையைச் சேர்ந்தது. காய்ப்பு அதிகம். இடுக்கித் தோட்டங்களில் பெரும்பாலும் அதுவே பரவியது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கும் ஒரே செடி என்றால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். காய் இல்லாவிட்டால் ஜீப்பும் வராது.

அப்போது உறவுச் செடிகள் உதவும். தக்காளியைப் பாருங்கள். வேரில் முடிச்சு விழச் செய்யும் நூற்புழு அதைக் கெடுத்தது. தென் அமெரிக்காவில் ஒரு காட்டுத் தக்காளி உண்டு. அதன் பழம் பழுத்தாலும் பச்சைதான். 1940-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை நாட்டுத் தக்காளியுடன் கலந்தார்கள். புழுவைத் தாங்கும் குணம் வந்தது.

ஏலத்துக்கு அப்படி யார் உண்டு? 2025-இல் ஒரு செய்தி வந்தது. ஏலத்துக்கு நெருங்கிய உறவுச் செடிகள் ஆறு என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நான்கு முன்பே தெரிந்தவை. அவற்றை அல்பினியா என்ற வேறு பேரினப் பெயரில் வைத்திருந்தார்கள். இப்போது ஏலத்தின் எலெட்டேரியா கூட்டத்தில் சேர்த்தார்கள். எலெட்டேரியா என்பதே மலையாளப் பேச்சிலிருந்து போன பெயர்! மீதி இரண்டும் புதியவை. ஒன்று பெரியாறு புலிகள் காப்பகத்தில் கிடைத்தது. மற்றது மூணாறிலும் அகத்தியமலையிலும் வளர்கிறது. அவற்றிடம் என்ன குணம் உள்ளது என்பதை இனிமேல்தான் சோதிக்க வேண்டும்.

பெண் இதைப் பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அத்தை, இந்தச் செடியை நாம பாத்திருப்போமா?"

"பாத்திருப்போம். களைன்னு வெட்டியிருப்போம்."