அதிரம்பாக்கம்: கல் கிடந்த இடம்

நுழையும்முன்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகள் இயங்குகின்றன. அதே மாவட்டத்தின் மேற்கே, உலோகத்தையே அறியாத மாந்தர் கல்லில் கருவி செய்த களம் ஒன்று உள்ளது. அதனைக் காணச் செல்வோர் அறியவேண்டியதை இப்பாடம் கூறுகிறது.

சிற்றூரும் ஆறும்

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள கொற்றலையாற்றுப் பகுதியில் அதிரம்பாக்கம் அமைந்துள்ளது. மழைநீர் மண்ணை அறுத்தோடிய பள்ளங்களில் கற்கள் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் சில, ஆறு உருட்டிய கூழாங்கற்கள் அல்ல. இருபுறமும் செதுக்கி விளிம்பைக் கூராக்கிய கைக்கோடரிகள். குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லால் அவை செய்யப்பட்டவை.

கண்டறிந்தோர்

நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் அதிரம்பாக்கத்தை அடைந்து, மேலும் பல கருவிகளைக் கண்டார்.

இங்கிலாந்திலும் இதனையொத்த சிற்றூர் ஒன்று உண்டு. சஃபோக் பகுதியிலுள்ள ஆக்சனில், செங்கல்லுக்கு மண் தோண்டிய குழியில் கைக்கோடரிகள் கிடைத்தன. அவை 12 அடி ஆழத்தில் இருந்தன என்பதை ஜான் ஃபிரீர் 1797இல் எழுதிவைத்தார். அன்று எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப்பின் மனிதகுலத்தின் தொன்மையை அறிஞர் ஆராய்ந்தபோது, அக்குறிப்பே சான்றாக நின்றது.

வயதை உரைக்கும் மண்

அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அகழாய்வு செய்தனர். கல் புதையுண்டபின், விண்கதிர்களால் அதனுள் முன்பு உண்டான தனிமங்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. எஞ்சியவற்றை அளந்தும், மண்ணடுக்குகளில் பதிந்துள்ள காந்தத் திசையை ஆராய்ந்தும், தொடக்கநிலைக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2011இல் அறிவித்தனர். மேலடுக்கில் கிடைத்த, வேறுவகை நுட்பம் கொண்ட கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள் பழைமையானவை என்பது 2018இல் வெளியாயிற்று.

கல்லின் வடிவம் மட்டும் இவ்வயதை உரைத்துவிடாது. அது கிடந்த அடுக்கே உரைக்கும். நினைவுப்பொருளாக ஒருவர் எடுத்துச்செல்லும் கைக்கோடரி, அவர் வீட்டில் வெறுங்கல்லாகிவிடும். அதன் வரலாறு ஆற்றங்கரையிலேயே அழிந்துபோகும். ஆகவே, காண்க; வரைக; இடத்தைக் குறித்துக்கொள்க; கல்லை அங்கேயே விட்டு வருக. கையருகே காண விழைவோர்க்குப் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. ஃபிரீரின் குறிப்பு பிற்காலத்தில் சான்றானது எவ்வாறு? விளக்குக.
2. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றன் கரையில் காணும் பழம்பொருள்களை, இடம் பெயர்க்காமல் பதிவுசெய்து, வகுப்பில் அறிக்கையாகப் படிக்க.