மின்னும் மருந்தாகும்

மின்சாரம் என்றவுடன் நம் நெஞ்சில் முந்தி எழுவது அச்சமே. ஆயினும் அளவறிந்து செலுத்தப்படும் மென்மின்னோட்டம் வலி தணிக்கும் துணையாகவும் அமைகின்றது.

இச்சிந்தனை மிகப் பழையது. ஏறத்தாழ கி.பி. 47இல் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோமானிய மருத்துவர், தலைவலிக்கும் பாதவாதத்திற்கும் உயிருள்ள மின்திருக்கை மீனின் அதிர்வைப் பரிந்துரைத்தார். நைல் ஆற்றில் வாழும், தொட்டவர் கையை நடுங்கச் செய்யும் மீனைப் பற்றி அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அம்மீனின் அரபுப் பெயரான ‘ரஆத்’, இடியைக் குறிக்கும் சொல்லோடு வேரால் ஒன்றுபட்டது.

வலியின் வாயில்

அடிபட்ட இடத்தை நாம் ஏன் தேய்த்துக்கொள்கிறோம்? 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் இதற்கு விளக்கம் தந்தனர். தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படின், மெல்லிய இழைகள் சுமந்துவரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தடைபடும் என்றனர். இதுவே ‘வாயிற் கோட்பாடு’. தோலின்மீது ஒட்டப்படும் பட்டைகள் வழியே, நொடிக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வரையிலான மென்துடிப்புகளைச் செலுத்தும் ‘டென்ஸ்’ கருவி இக்கோட்பாட்டை ஒட்டியதாகும்.

என்புக்கும் இதில் பங்குண்டு. அழுத்தத்திற்கு உள்ளாகும் என்பில் மின்னழுத்தம் தோன்றுவதை 1957இல் ஜப்பானிய அறிஞர்களான ஃபுகாடா, யசுடா ஆகியோர் வெளியிட்டனர். எளிதில் கூடாத சில எலும்பு முறிவுகளுக்கு மின்தூண்டல் பயன்படுவதற்கு இத்தகைய ஆய்வுகளே வழிகோலின.

ஒரு மணி நேரத்தின் பயன்

முழங்கால் தேய்வால் துன்புற்ற என் தாயாருக்கு இயன்முறை மருத்துவர் இக்கருவியைப் பொருத்தினார். “எறும்பு ஊருற மாதிரி இருக்கு” என்றார் தாயார். வலி தணிந்தது, ஒரு மணி நேரத்தில் மீண்டும் வந்தது. “ஏமாற்று வேலை” என்று நான் சினந்தேன். மருத்துவரோ, “அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் காலை மடக்கி நீட்டிப் பழகினார்களே, அதுதான் மருந்து” என்றார். நாள்தோறும் செய்த அப்பயிற்சியே சில மாதங்களில் தாயாரைப் படியேற வைத்தது.

எச்சரிக்கை

வலி என்பது உடல் விடுக்கும் செய்தி. காரணம் அறியாமல் அதனை அடக்குதல் தீங்காகும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இக்கருவியைத் தொடலாகாது. கருவுற்ற மகளிரும் அவ்வாறே. கழுத்தின் முன்புறத்திலும் உணர்வற்ற தோலிலும் பட்டைகளை ஒட்டலாகாது. இதன் பயன் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆய்வாளரிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. எனவே, ‘எல்லா நோயும் தீரும்’ என்று கூவி விற்பவரை நம்பற்க.

மாணவர்களே, வலி தணிந்த நேரத்தை எழுந்து நடக்கப் பயன்படுத்துவோர்க்கே மின்னும் மருந்தாகும்.