திருப்பூர் ஆர்டரும் நமது பற்று நோட்டும்

பனியன் ஏற்றுமதிக்கும் பலசரக்குக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் சிலர் எண்ணலாம். திருப்பூரில் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை அரிசி, பருப்பு, எண்ணெய் விற்பனையாகும். ஆர்டர் நின்றால் அடுத்த வாரமே கடையின் பற்று நோட்டில் பக்கம் கூடும். ஆகவே இத்தொழில் எப்படி மாறியிருக்கிறது என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய முறை

முன்பு பனியன் கம்பெனி முதலாளி கோடைக்கும் பண்டிகைக்கும் கணக்குப் போட்டு, தாமே சரக்கைத் தயாரித்து, உள்நாட்டு வியாபாரிகளுக்கு அனுப்புவார். என்ன தைப்பது, எவ்வளவு தைப்பது என்ற முடிவு அவரிடம் இருந்தது. 1970களின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் திருப்பூருக்கு வரத் தொடங்கினர். 1991இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது.

கோட்டா போனது

1974 முதல் பணக்கார நாடுகள், இன்ன நாட்டிலிருந்து இவ்வளவு துணிதான் வரலாம் என்று கோட்டா வைத்திருந்தன. 1995 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட இந்தக் கோட்டா, 2005 ஜனவரி 1 முதல் அடியோடு நீங்கியது. அனுப்பும் அளவுக்குத் தடை நீங்கியதுபோல், போட்டிக்கு இருந்த தடையும் நீங்கியது. சீனாவும் வங்கதேசமும் வியட்நாமும் அதே கடைகளுக்கு விலை சொல்லின. வங்கதேசத்துக்கு 2001 முதல் ஐரோப்பாவில் வரிச் சலுகை கிடைத்தது. நம் சரக்கோ வரி கட்டியே நுழைய வேண்டியிருந்தது.

இன்றைய முறை

இன்று டிசைன், அளவு, நிறம், விலை, அனுப்பும் தேதி எல்லாம் வாங்குபவர் சொல்வதுதான். ஆர்டர் எடுத்தவர் நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று பல இடங்களில் ஜாப் ஒர்க்காகப் பிரித்துக் கொடுக்கிறார். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடன் சொல்கிறார்கள். தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை, சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப நேரிடும். அல்லது விலையைக் குறைக்க வேண்டும். அந்த நஷ்டம் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் சிறிய பட்டறைக்காரரிடமும் தொழிலாளியிடமும் வந்து நிற்கிறது.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, சாயத்தை நம்பியிருந்த தையலும் முடங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அமெரிக்க ஆர்டரை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

நமக்குரிய பாடங்கள்

1. ஒரே இடத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆட்களே உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் என்றால், அக்கம்பெனியின் ஆபத்து உங்கள் கடைக்கும் உண்டு.

2. கடனுக்கு வரம்பு வையுங்கள். முகம் பார்த்துக் கொடுப்பதைவிட, இத்தனை வாரச் சம்பளத்துக்குள் என்று கணக்கு வைத்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

3. ஓவர்டைம் நின்றதா, ஷிப்ட் குறைந்ததா என்று வாடிக்கையாளரிடம் விசாரியுங்கள். மந்தம் தெரிந்தால் மெதுவாக நகரும் சரக்கைக் குறைத்து, அரிசி பருப்பில் முதலை வையுங்கள்.

4. இது மொத்த வியாபாரிகளாகிய நமக்கு. மந்த காலத்தில் பழைய பாக்கி முழுவதையும் ஒரே நாளில் கேட்டால் கடையும் மூடும், நம் பணமும் வராது. பழைய பாக்கியை வாரத் தவணையாக்கி, புதுச் சரக்கை அளவாகவும் ரொக்கத்துக்கும் கொடுப்பதே எங்கள் மண்டியில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை. இதனால் வரவு தாமதமாகலாம். ஆனால் கடை திறந்திருக்கும்.

வாங்குபவர் தம் நஷ்டத்தைக் கீழே தள்ளுவதை இத்தொழிலில் பார்க்கிறோம். நம் வியாபாரத்திலும் அதே வழக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதுபற்றித் தம் அனுபவத்தைக் கூற வேண்டுகிறோம்.