இந்த மாதப் பாடம்: டீசல் விலையும் நம் வீட்டுத் தவணையும்

 

செஞ்சி வட்டாரத்தில் ஷேர் ஆட்டோ, லோடு ஆட்டோ, குட்டியானை என்று வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் குழுக்களில் இருக்கின்றன. பால் கேனும் காய்கறி மூட்டையும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு போகும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். டீசல், பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் இரண்டு பேச்சு கேட்கிறது.

வண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண், "டீசல் ஏறிப்போச்சுக்கா, இந்த மாசம் பாதித் தவணைதான் கட்ட முடியும்" என்கிறார். மணிலா மூட்டையை மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றி அனுப்பும் பெண், "ஒரே அடியா வாடகைய அம்பது ரூபா ஏத்திட்டாங்களே, இது நியாயமா?" என்கிறார். இருவரும் ஒரே பாயில் உட்காரும் உறுப்பினர்கள். யார் சொல்வது சரி? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுதான் இந்த மாதப் பாடம்.

விலையை யார் ஏற்றுகிறார்கள்?

நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ சண்டை என்றாலும், டாலர் மதிப்பு ஏறினாலும் இங்கே பாதிக்கும். அதோடு மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் விற்பனை வரியும் சேர்கின்றன.

முன்பெல்லாம் அரசே விலையை நிர்ணயித்தது. பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் தினமும் விலை மாற்றும் முறை வந்தது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. அதே ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசு வரியைக் குறைத்தது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் இறங்கியபோது சென்னையில் பெட்ரோல் 100.75, டீசல் 92.34.

ஏறினாலும் இறங்கினாலும், விலை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது வேறு.

ஒரு கணக்கு போடுவோம்

குட்டியானை ஒன்று கிராமத்திலிருந்து செஞ்சிக்கு நடை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக 15 கி.மீ., வர 15 கி.மீ. ஒரு நடைக்கு 30 கி.மீ. நாளைக்கு 4 நடை, ஆக 120 கி.மீ. லிட்டருக்கு 16 கி.மீ. ஓடுகிறது. கணக்கு எளிதாக இருக்க டீசல் 96 ரூபாய் என்போம். (உங்கள் பங்க்கில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஒரு நாளைக்கு ஏழரை லிட்டர். செலவு 720 ரூபாய். கி.மீ.க்கு 6 ரூபாய்.

1. டீசல் 4 ரூபாய் ஏறி 100 ஆகிறது. நாள் செலவு 750. கூடுதல் 30 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 750 ரூபாய்.

2. டீசல் ஏறவே இல்லை. ஆனால் டயரில் காற்று குறைந்து, ஏர் ஃபில்டரில் தூசி அடைத்து, மைலேஜ் 16லிருந்து 14 ஆகிவிட்டது. அதே 120 கி.மீ.க்கு எட்டரை லிட்டருக்கு மேல் குடிக்கும். நாள் செலவு 823. கூடுதல் 103 ரூபாய். 25 நாளில் 2,500 ரூபாய்க்கு மேல்!

3. வருமானம் இல்லாத ஒரு வெட்டி நடை போனால் ஒரே நடையில் 180 ரூபாய் காலி.

பார்த்தீர்களா? பங்க்கில் ஏறிய விலையால் போனது 750. சத்தமில்லாமல் வண்டியில் ஒழுகியது 2,500. விலை ஏறினால் ஊரே பேசுகிறது. மைலேஜ் இறங்கினால் வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. தவணையைத் தின்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

மைலேஜ் பார்ப்பது எப்படி?

ஒரு 40 பக்க நோட்டு போதும். டேங்க்கை நிரப்பி, மீட்டரில் உள்ள கி.மீ.யை எழுதுங்கள். இரண்டு நாள் ஓட்டிய பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்தது, இடையில் எத்தனை கி.மீ. ஓடியது? கி.மீ.யை லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 240 கி.மீ. ஓடி 15 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16.

"100 ரூபாய்க்குப் போடு, 200 ரூபாய்க்குப் போடு" என்று போட்டால் இந்தக் கணக்கு வராது. மாதம் இரண்டு முறையாவது டேங்க் நிரப்பிப் பாருங்கள். வண்டி ஓட்டுபவர் மீட்டரைச் சொல்லட்டும், நோட்டை வீட்டுப் பெண் எழுதட்டும். குழுப் பதிவேடு எழுதப் பழகிய நமக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை.

மைலேஜைக் காப்பாற்ற

* வாரம் ஒரு முறை டயரில் காற்று பாருங்கள். பங்க்கில் காற்று இலவசம்.
* ஏர் ஃபில்டர் சுத்தம், ஆயில் மாற்றம் இரண்டையும் நாள் தவறாமல் செய்யுங்கள்.
* 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டினால் எண்ணெய் மிச்சம் என்பது பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி சங்கத்தின் அறிவுரை. திண்டிவனம், திருவண்ணாமலை சாலையில் பஸ்ஸோடு போட்டி போட்டால் காசுதான் புகையாகும்.
* கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டக் கூடாது.
* அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.
* பங்க்கில் மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவைக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

காலியாகத் திரும்பாதீர்கள்

மூட்டையோடு போகும் வண்டி காலியாகத் திரும்பினால் பாதி டீசல் வீண். செஞ்சியிலிருந்து திரும்பும்போது உரம், மாட்டுத் தீவனம், மளிகைச் சாமான் ஏதாவது ஏற்ற முடியுமா? ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வைத்தால் கிடைக்கும்.

மேல்மலையனூர் அமாவாசைக்கு செஞ்சியிலிருந்து சுமார் 20 கி.மீ. சவாரி. ஊஞ்சல் உற்சவம் இரவில் என்பதால் போகும் கூட்டம் ஒரு நேரம், திரும்பும் கூட்டம் ஒரு நேரம். ஒவ்வொரு முறையும் காலியாக ஓடி வருவதை விட, நேரம் பார்த்து அங்கேயே காத்திருப்பது பல நேரம் லாபம்.

நமக்கும் இது பொருந்தும். வங்கிக்கு ஒரு நாள், கடைக்கு ஒரு நாள், கூட்டமைப்புக்கு ஒரு நாள் என்று மூன்று முறை வண்டி எடுக்காமல் ஒரே நாளில் முடிக்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அந்த பஸ் போகும் வழியில் எக்ஸ்எல்லுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

இலங்கையில் 2022ல் காசு கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்காத நிலை வந்தது. ஜூலையில் பங்கீட்டு முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர்தான். அங்கே வேறு வழியின்றி ஒவ்வொரு பயணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. நாம் அப்படி ஒரு கஷ்டம் வரும் முன்பே எண்ணப் பழகிக்கொள்வோம்.

வாடகை எவ்வளவு ஏற்றலாம்?

இப்போது அந்த இரண்டு பெண்களின் வழக்குக்கு வருவோம். டீசல் 4 ரூபாய் ஏறினால் 30 கி.மீ. நடைக்குக் கூடும் செலவு ஏழரை ரூபாய். எனவே 10 ரூபாய் ஏற்றினால் நியாயம். டீசலைச் சொல்லி 50 ரூபாய் ஏற்றுவது சரியல்ல. டயர், இன்சூரன்ஸ், ரிப்பேர் செலவும் கூடியிருந்தால் அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதேபோல் "அப்பவே 500 ரூபாதானே, இப்பவும் அதையே வாங்கிக்கோ" என்று மூட்டைக்காரர் அடம் பிடிப்பதும் சரியல்ல. நடைக்கு ஏழரை ரூபாய் என்றால் மாதம் 750 ரூபாய் அந்த வீட்டில் துண்டு விழும். முன்கூட்டியே பேசி வையுங்கள்: டீசல் 4 ரூபாய் ஏறினால் வாடகை 10 ரூபாய் ஏறும், 4 ரூபாய் இறங்கினால் 10 ரூபாய் இறங்கும். நான்கைந்து பேர் மூட்டையைச் சேர்த்து ஒரே நடையில் அனுப்பினால் இரண்டு பக்கமும் மிச்சம்.

கட்டாயம் செய்யக் கூடாதவை

* நாளைக்கு விலை ஏறும் என்று பெட்ரோலை கேனில், பாட்டிலில் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். அடுப்பு எரியும் வீட்டில் அதன் ஆவியே தீப்பிடிக்கும். 50 ரூபாய் மிச்சத்துக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.
* டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். பம்ப் கெட்டால் ஆயிரக்கணக்கில் செலவு.
* செலவை ஈடுகட்ட லோடு வண்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமல் போகலாம். நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போகும் நாமும் அப்படி ஏறக் கூடாது.
* தவணைக்காக மீட்டர் வட்டிக்கு வாங்காதீர்கள். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்தது. கஷ்டம் என்றால் தவணை தேதிக்கு முன்பே குழுவில் சொல்லுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

வண்டிக் கடன் கேட்டு வந்தால் வண்டி விலையை மட்டும் பார்க்க வேண்டாம். நாளைக்கு எத்தனை கி.மீ., அதில் காலியாக ஓடுவது எத்தனை, மைலேஜ் என்ன, எல்லாச் செலவும் போக மிச்சம் என்ன என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். டீசல் 10 ரூபாய் ஏறினாலும் தவணை கட்ட முடியுமா என்றும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் தவணையைச் சிறிதாக்கி மாதங்களைக் கூட்டலாம். தவணை தவறும்போது திட்டுவதற்கு முன் அந்த 40 பக்க நோட்டைக் கேளுங்கள். காசு எங்கே ஒழுகுகிறது என்று அது சொல்லும்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் வண்டி இருக்கிறது? அவற்றின் மைலேஜ் தெரியுமா?
2. நம் ஊரிலிருந்து செஞ்சிக்கு ஒரு நடைக்கு டீசல் செலவு எவ்வளவு? வாங்கும் வாடகை எவ்வளவு?
3. எந்தக் கிழமையில் யார் யார் மூட்டையைச் சேர்த்து அனுப்பலாம்?
4. வண்டிக் கடன் வாங்கிய உறுப்பினர் அடுத்த மாதம் நோட்டைக் கொண்டுவர முடியுமா?

ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. முதலில் ஓட்டையை அடைப்போம், தவணை தானாக வரும்.